பிரமிடும் பொன் விகிதமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் எப்படியும் ஒருநாள் பிரமிடு வந்துவிடும். பின்னாலேயே 1.618 வந்துவிடும். பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரும் கைப்பேசியில் வந்த ஏதாவது ஒரு படத்தைக் காட்டி, "இது நிஜமா சார்?" என்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவரவர் கேட்ட மாதிரியே எழுதிப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். ஒரு கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

1. பொன் விகிதம்னா என்ன சார்? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு கோட்டை இரண்டு துண்டாக்குங்கள், ஆனால் சரிபாதியாக வேண்டாம். முழுக் கோடு பெரிய துண்டைப் போல் எத்தனை மடங்கோ, பெரிய துண்டும் சின்னத் துண்டைப் போல் அத்தனை மடங்கு இருக்க வேண்டும். இதற்கு ஒரே ஓர் இடத்தில்தான் வெட்ட முடியும். அந்த மடங்குதான் பொன் விகிதம். 5-இன் வர்க்கமூலத்தோடு 1 கூட்டி 2-ஆல் வகுத்தால் 1.6180339... என்று முடிவில்லாமல் போகும். பள்ளிக் கணக்கில் இதை விகிதமுறா எண் என்போம்.

1.618034-ஐ அதாலேயே பெருக்கிப் பாருங்கள்: 2.618034. 1-ஐ அதால் வகுத்துப் பாருங்கள்: 0.618034. புள்ளிக்குப் பின்னால் அதே எண்கள்! இந்த வேடிக்கைதான் இத்தனை கதைகளுக்கும் விதை என்று நினைக்கிறேன்.

2. இந்தப் பேரை வெச்சதே எகிப்தியர்கள்தானே?

இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் முதல் தெளிவான வரையறை, கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதியது. அவர் அதற்கு அழகான பெயர் எதுவும் வைக்கவில்லை. 1509-இல் இத்தாலியத் துறவி லூக்கா பச்சோலி 'தெய்வீக விகிதம்' என்றார். 'பொன்' என்ற அடைமொழியை 1835-இல் அச்சில் ஏற்றியவர் ஜெர்மானியக் கணித ஆசிரியர் மார்ட்டின் ஓம். மின்சாரப் பாடத்தில் வரும் ஓம் விதிக்காரரின் தம்பி இவர். 'ஃபை' என்ற கிரேக்க எழுத்து 20-ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது.

எகிப்திய அரசன் கூஃபுவின் பெரிய பிரமிடு எழுந்தது கி.மு. 2560 வாக்கில். அதாவது யூக்ளிடுக்கே இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் முந்தியது.

3. சரி, பிரமிடுல 1.618 எங்க வருது? ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.

எகிப்தியர் அளந்தது முழத்தில். அவர்களுடைய அரச முழம் ஏறக்குறைய 52.4 செ.மீ. ஒரு முழத்துக்கு 7 உள்ளங்கை, ஓர் உள்ளங்கைக்கு 4 விரல்கடை. விரல்கடை கணக்கு நம் பாட்டிகளுக்கும் பழக்கமானதுதான். பெரிய பிரமிடின் அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம்.

அடிப்பக்கத்தில் பாதி 220. பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால், முகப்பின் சாயுயரம் 356.09 முழம். அதை 220-ஆல் வகுத்தால் 1.6186. பொன் விகிதம் 1.6180. பத்தாயிரத்தில் 4 பங்குகூட வித்தியாசம் இல்லை. ஆக, இந்த எண் யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை. நிஜமாகவே அங்கே இருக்கிறது.

4. இவ்வளவு கச்சிதமா வருதே, அப்புறம் என்ன சந்தேகம்?

எண் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை நினைத்துத்தான் கட்டினார்களா என்பது வேறு கேள்வி. எனக்குச் சந்தேகம் இரண்டாவதில்தான்.

எகிப்தியர் சாய்வைக் கோணமாக அளக்கவில்லை. 'செகெட்' என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள்: ஒரு முழம் மேலே ஏறினால் எத்தனை உள்ளங்கை உள்ளே தள்ள வேண்டும்? பெரிய பிரமிடுக்கு 280 முழம் ஏறும்போது 220 முழம் உள்ளே போகிறது. 220-ஐ 280-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் 5½ உள்ளங்கை. கொத்தனாரிடம் "ஒரு முழம் ஏறு, அஞ்சு உள்ளங்கையும் ரெண்டு விரல்கடையும் உள்ளே தள்ளு" என்று சொன்னால் போதும். வர்க்கமூலமும் வேண்டாம், விகிதமுறா எண்ணும் வேண்டாம்.

இப்போது 5-லிருந்து 6 வரை செகெட்டைக் கால் கால் உள்ளங்கையாகக் கூட்டி, 3-இல் போட்ட அதே கணக்கைப் போடுங்கள். வரும் விடைகள் 1.72, 1.67, 1.62, 1.58, 1.54. கையால் அளந்து கட்டக்கூடிய இந்த ஐந்து சாய்வில் ஒன்று பொன் விகிதத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. அதற்கு மேல் அதில் மர்மம் தேட எனக்குத் தோன்றவில்லை.

5. செகெட்னு ஒண்ணு இருந்ததுக்கு என்ன ஆதாரம்?

ரைண்ட் பாப்பிரஸ் என்ற எகிப்தியக் கணக்குச் சுவடி. கி.மு. 1550 வாக்கில் ஆமோஸ் என்ற எழுத்தர் இன்னும் பழைய ஒரு சுவடியைப் பார்த்துப் படியெடுத்தது. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 56-லிருந்து 60 வரையான கணக்குகள் சாய்வைப் பற்றியவை. 56-ஆம் கணக்கு: அடிப்பக்கம் 360 முழம், உயரம் 250 முழம், செகெட் என்ன? விடை 5 உள்ளங்கையும் ஓர் உள்ளங்கையில் 25-இல் ஒரு பங்கும். நீங்களே போட்டுப் பாருங்கள், சரியாக வரும். அடுத்த கணக்கில் செகெட் 5 உள்ளங்கை 1 விரல்கடை.

6. அந்தப் பாப்பிரஸிலேயே 'புனித விகிதம்'னு எழுதியிருக்காமே?

அப்படி ஒரு சொல் அதில் இல்லை. ரொட்டியைப் பங்கு போடுவது, தானியக் குதிரின் கொள்ளளவு, வயலின் பரப்பு, பின்னங்களின் அட்டவணை, செகெட் என்று ஓர் எழுத்தருக்கு வேலையில் தேவைப்பட்டதெல்லாம் இருக்கிறது. செகெட்டும் ஒரு விகிதம்தான், ஆனால் அதில் புனிதம் ஏதும் கிடையாது. இந்த 'புனித விகிதம்' ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாவித் தாவி வருகிறது. கணக்கு எண் என்ன என்று கேளுங்கள், பதில் வராது.

7. மத்த பிரமிடுகள்ல இந்த விகிதம் இருக்கா?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பொன் விகிதம் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் ஒரே பிரமிடோடு நின்றிருக்காது.

பக்கத்திலேயே இருக்கும், கூஃபுவின் மகன் காஃப்ரேயின் பிரமிடு செகெட் 5¼-ஐ ஒட்டியது. ரைண்ட் பாப்பிரஸின் 5 உள்ளங்கை 1 விரல்கடையும் இதுதான். இதன் குறுக்குவெட்டில் 3-4-5 முக்கோணம் கிடைக்கும், விகிதம் 1.67. கூஃபுவின் அப்பா ஸ்னெஃபெரு தாஷூரில் கட்டிய சிவப்புப் பிரமிடின் சாய்வு ஏறக்குறைய 43 பாகை, விகிதம் 1.37 பக்கம். அவருடைய வளைந்த பிரமிடு 54 பாகைக்கு மேல் செங்குத்தாகத் தொடங்கி, பாதி வழியில் மனசு மாறி 43 பாகைக்குச் சாய்ந்துவிடுகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஸ்னெஃபெரு காலத்து மெய்தூம் பிரமிடின் வெளிச்சாய்வும் 5½தான். ஆக அங்கேயும் 1.6186 வரும். ஆனால் அது காட்டுவது, கூஃபுவின் ஆட்கள் அப்பா காலத்துச் சாய்வு ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான்.

8. இயற்கையில இருக்கறதாவது நிஜமா? சூரியகாந்தில இருக்குன்னு பாடத்துலயே வருதே.

அது நிஜம். சூரியகாந்திப் பூவின் நடுவட்டத்தில் விதைகள் இரண்டு பக்கமும் சுழலும் சுருள்களாக அடுக்கியிருக்கும். ஒரு பக்கச் சுருள்களை எண்ணினால் பெரும்பாலும் 34 என்றும் மறுபக்கம் 55 என்றும் வரும். பூ பெரிதானால் 55, 89. அன்னாசியில் 8, 13, 21. இவை 1, 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டைக் கூட்டிக் கூட்டிப் போகும் ஃபிபோனச்சி எண்கள். அடுத்தடுத்த இரண்டை வகுத்துக்கொண்டே போனால் 1.6, 1.625, 1.615 என்று பொன் விகிதத்தை நெருங்கும்.

9. செடிக்குக் கணக்கு எப்படித் தெரியும்?

தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தண்டின் நுனியில் புது மொட்டு எங்கே முளைக்கும்? ஏற்கெனவே முளைத்தவை நெருக்காத இடத்தில். ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹோஃப்மைஸ்டர் 1868-இலேயே இதைச் சொல்லிவிட்டார். பேருந்தில் ஏறுகிறவர் இருப்பதிலேயே காலியான இருக்கையைப் பார்த்து உட்காருகிறாரே, அதே மாதிரி. இப்படி ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தால் அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையில் 137.5 பாகை என்ற கோணம் தானாகவே நிலைத்துவிடுகிறது. முழு வட்டத்தைப் பொன் விகிதத்தில் வெட்டினால் கிடைக்கும் சின்னத் துண்டு அதுதான்.

உயிர் இல்லாத பொருளிலும் இது நடக்கும். 1992-இல் டுவாடி, கூடெர் என்ற இரண்டு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் ஒரு தட்டின் நடுவில் காந்தத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். சொட்டுகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே ஓரத்துக்கு நகர்ந்தன. சொட்டுகளின் இடைவேளையைக் குறைக்கக் குறைக்க, கோணம் 137.5 பாகை பக்கம் வந்து நின்றது. அந்தச் சொட்டுகளில் செடியும் இல்லை, மரபணுவும் இல்லை.

ஏன் இந்தக் கோணம்? அரைச்சுற்று திரும்பினால் இலைகள் இரண்டே வரிசையில் நிற்கும், மூன்றில் ஒரு சுற்று என்றால் மூன்று வரிசை. எந்த எளிய பின்னமும் இப்படி வரிசை கட்டி இடையில் சும்மா கிடக்கும் இடத்தை விட்டுவிடும். எளிய பின்னங்களால் நெருங்கவே முடியாத எண் எதுவோ, அதில்தான் வரிசை விழாது. விகிதமுறா எண்களிலேயே அந்தப் பிடிவாதம் அதிகம் உள்ளது பொன் விகிதம்.

10. அப்போ எல்லாப் பூவும் ஃபிபோனச்சி எண்தானா?

தோட்டத்துக்குப் போய் எண்ணுங்கள். செம்பருத்தி 5, நித்தியகல்யாணி 5, ஆமாம். இட்லிப்பூ? 4. கடுகுப்பூ 4. தமிழ்நாட்டு மாநில மலரான செங்காந்தளுக்கு 6. 4-ம் 6-ம் ஃபிபோனச்சி எண்கள் இல்லை. "6 என்பது இரண்டு மூன்று" என்று ஒரு மாணவன் வாதாடினான். அப்படிப் பார்த்தால் எந்த எண்ணும் தப்பாது.

எதிரெதிரே இரண்டிரண்டாக இலை விடும் துளசியிலும் எருக்கிலும் 137.5 பாகையைத் தேட வேண்டாம். சூரியகாந்தியிலும் விலக்கு உண்டு. கணினியியல் முன்னோடி ஆலன் டியூரிங்கின் நூற்றாண்டை ஒட்டி 2012-இல் மான்செஸ்டரில் பொதுமக்கள் சூரியகாந்தி வளர்த்து எண்ணினார்கள். பெரும்பாலானவை ஃபிபோனச்சியில் வந்தன, சில வரவில்லை.

11. நாட்டிலஸ் சங்கு, பால்வெளி எல்லாம்?

சங்கு சுருள்வது உண்மை, அது பொன் சுருள் இல்லை. பொன் சுருள் ஒரு முழுச் சுற்றில் 6.85 மடங்கு விரியும். நாட்டிலஸ் ஏறக்குறைய 3 மடங்குதான் விரிகிறது. படத்தின் மேல் ஒரு சுருளை வரைந்து, கோட்டைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் எல்லாம் பொருந்துவதுபோல் தெரியும். விண்மீன் மண்டலங்களின் கைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இறுக்கத்தில் சுருண்டிருக்கும்.

12. ஃபிபோனச்சி எண்ணை இந்தியர்கள்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்களாமே? இதுவும் கதையா?

இது கதை இல்லை. ஃபிபோனச்சி முயல் கணக்கை எழுதியது 1202-இல். அதற்கு முன்னரே, 1150 வாக்கில் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் யாப்புக் கணக்கில் இந்த வரிசையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை. இத்தனை மாத்திரைக்கு எத்தனை விதமான அடி அமைக்கலாம் என்று எண்ணினால் 1, 2, 3, 5, 8 என்று வரும். அவருக்கும் முன்னால் விரகாங்கர் என்ற யாப்பு அறிஞர் சொல்லியிருக்கிறார். ஆனால் இவர்கள் எண்ணியது அசையை. செடியையோ கட்டடத்தையோ பற்றி அதில் பேச்சு இல்லை.

13. எகிப்தியர்கள் இயற்கையைப் பாத்துக் கத்துக்கிட்டு பிரமிடுல வெச்சிருக்கலாம் இல்லையா?

இயற்கையைக் கூர்ந்து பார்த்தவர்கள்தான். தாமரையையும் பாப்பிரஸையும் கல்தூண்களாகவே செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் 9-இல் சொன்ன கோணம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, பொறுமையாக எண்ணி அளந்தால்தான் தெரியும். அப்படி எண்ணியதற்கு எகிப்தில் எழுத்தும் இல்லை, வரைபடமும் இல்லை.

ஒரு கொசுறு: அவர்கள் எழுதப் பயன்படுத்திய பாப்பிரஸ், நம் பாய் பின்னும் கோரையின் குடும்பம். தண்டை வெட்டினால் முக்கோணமாக இருக்கும். அந்தக் குடும்பத்தில் இலைகள் மூன்று வரிசையாக, 120 பாகைக்கு ஒன்றாக வரும். பொன் கோணம் அதில் கிடையாது.

14. இன்னும் துல்லியமா அளந்து பார்த்தா, செகெட்டா பொன் விகிதமான்னு தெரிஞ்சிடாதா?

தெரியாது, இங்கேதான் விஷயம் மாட்டிக்கொள்கிறது. அடி 440 முழம் என்று வைத்துக்கொண்டு சரியான பொன் விகிதத்தில் கட்டினால் உயரம் 279.84 முழம். செகெட் 5½ என்றால் 280. வித்தியாசம் 8 செ.மீ.! 146.6 மீட்டர் உயரக் கட்டடத்தில் ஒரு சாண்கூட இல்லை. அதுவும் உச்சியில் 8 மீட்டர் போல இன்றைக்கு இல்லவே இல்லை, வெளிப்பூச்சுக் கற்களையும் பெரும்பாலும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அடிப்பக்கங்களிலேயே, 1925-இல் கோல் என்ற நில அளவையாளர் அளந்தபோது, மிக நீண்டதற்கும் மிகக் குறைந்ததற்கும் 20 செ.மீ. வித்தியாசம் இருந்தது.

அளவு நாடா தீர்ப்பு சொல்லாது. அதனால்தான் அவர்கள் எழுதி வைத்ததையும் கட்டிய மற்றவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

15. பை மதிப்பும் பிரமிடுல இருக்கே? ரெண்டும் சேர்ந்து தற்செயலா வருமா?

செகெட் 5½ என்று வைத்தாலே சுற்றளவை உயரத்தால் வகுத்தால் 1760-இன் கீழ் 280, அதாவது 22/7-ஐப் போல் இரண்டு மடங்கு. நாம் பள்ளியில் போடும் 22/7 அங்கே வந்து நிற்பதற்குக் காரணம், முழத்துக்கு 7 உள்ளங்கை இருப்பதுதான். பை, பொன் விகிதம் இரண்டும் சேர்ந்து வருவதிலும் அதிசயம் இல்லை. 4-ஐப் பொன் விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள்: 3.1446. எண்களுக்குள்ளேயே உள்ள ஓர் ஒற்றுமை அது. ஒன்று வந்தால் மற்றதும் கூடவே வரும்.

இன்னொன்று. ரைண்ட் பாப்பிரஸில் வட்டத்தின் பரப்புக்கு, விட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கை எடுத்து வர்க்கப்படுத்தச் சொல்கிறார்கள். அதிலிருந்து பை 3.16 என்று வரும். பையை வைத்துக் கட்ட நினைத்திருந்தால் தங்களிடம் இருந்த 3.16-ஐ அல்லவா வைத்திருப்பார்கள்?

16. ஹெரோடோட்டஸே எழுதி வெச்சிருக்காராமே, முகப்பின் பரப்பு உயரத்தின் வர்க்கத்துக்குச் சமம்னு?

அவர் எழுதவில்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அந்தக் கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியது இவ்வளவுதான்: ஒவ்வொரு பக்கமும் 8 பிளெத்ரா, உயரமும் அதே அளவு. பிளெத்ரான் என்பது 100 கிரேக்க அடி, ஏறக்குறைய 30 மீட்டர். அந்த உயரமே தப்பு. அதை வளைத்துப் பரப்பு என்று பொருள் சொன்னவர் 1859-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர். பரப்பு அப்படிச் சமமாக இருந்தால் கணக்குப்படி பொன் விகிதம் வந்தே தீரும், அதனால் பலருக்கு இது பிடித்துப்போயிற்று.

17. ரைண்ட் பாப்பிரஸ் பிரமிடுக்கு ஆயிரம் வருஷம் கழிச்சு எழுதினது. அதை வெச்சு எப்படிச் சொல்றீங்க?

நியாயமான கேள்வி, பத்தாவது படிக்கும் ஒரு பெண் கேட்டது. அதற்குப் பதில் மெய்தூமில் இருக்கிறது. அங்கே ஸ்னெஃபெரு காலத்துப் பெரிய மஸ்தபாக் கல்லறை ஒன்றின் மூலைகளில், தரைக்குக் கீழே மண்சுவர்கள் எழுப்பியிருந்ததை ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டுபிடித்தார். சுவரில் முழத்துக்கு முழம் மட்டக்கோடுகள், அவற்றின் குறுக்கே கட்டடம் சாய வேண்டிய சாய்கோடு. ஏறுவதற்கு இவ்வளவு, உள்ளே தள்ளுவதற்கு இவ்வளவு என்ற வழக்கம் கூஃபுவுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

18. ராஜாவின் அறையில 5-இன் வர்க்கமூலம் இருக்கு. அதுக்கு என்ன சொல்வீங்க?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் எண் நிஜமாகவே இருக்கிறது. பெரிய பிரமிடுக்குள் இருக்கும் அந்தக் கருங்கல் அறையின் தரை 20 முழத்துக்கு 10 முழம். உயரம் 11.18 முழம் அளவு. 5-இன் வர்க்கமூலத்தை 5-ஆல் பெருக்கினால் அதே 11.18.

தரை என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு சதுரம். அதன் மூலைவிட்டம் எப்போதுமே சதுரத்தின் பக்கத்தைப் போல் 5-இன் வர்க்கமூல மடங்கு, இங்கே 22.36 முழம். மூலைக்கு மூலை கயிற்றைப் பிடித்து, பாதியாக மடித்து, அந்த நீளத்துக்குச் சுவரை எழுப்பினால் 11.18 வந்துவிடும். அப்படி எழுப்பினால் இன்னொன்றும் நடக்கிறது: குட்டைச் சுவரின் மூலைவிட்டம் சரியாக 15 முழம், அறையின் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கு 25 முழம். 15-20-25 என்பது 3-4-5 முக்கோணத்தின் அண்ணன். வேண்டுமென்றே செய்தார்கள் என்று என்னை நம்ப வைப்பது இந்த முழு எண்கள்தான். பொன் விகிதத்துக்குப் போக 1 கூட்டி 2-ஆல் வகுக்க வேண்டும். அந்த அறையில் யாரும் அதைச் செய்ததற்கு அடையாளம் இல்லை.

19. எகிப்தியர்களை ரொம்பக் குறைச்சு மதிப்பிடறீங்களே?

230 மீட்டர் பக்கத்தில் 20 செ.மீ. வித்தியாசம் என்றேனே, அது எவ்வளவு பெரிய சாதனை! தலை வெட்டிய பிரமிடின் கனஅளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது மாஸ்கோ பாப்பிரஸ் என்ற இன்னொரு எகிப்தியக் கணக்குச் சுவடியின் 14-ஆம் கணக்கில் சரியாக இருக்கிறது. அவர்கள் செய்த கணக்கை விட்டுவிட்டு, செய்யாத கிரேக்கக் கணக்கை அவர்கள் தலையில் கட்டுவதுதான் எனக்குக் குறைத்து மதிப்பிடுவதாகத் தெரிகிறது.

20. எழுதாம ரகசியமா வெச்சிருந்தா? எதைக் காட்டினா நீங்க ஒத்துக்குவீங்க?

ரகசியம் என்று சொல்லிவிட்டால் வாதத்துக்கு வழியே இல்லை, அதனால் இரண்டாவது பாதிக்கு மட்டும் பதில். ஒரு கோட்டை 1-இல் சொன்ன மாதிரி வெட்டச் சொல்லும் ஒரே ஒரு பயிற்சிக் கணக்கு போதும், உடைந்த பானை ஓட்டில் எழுதியிருந்தாலும் சரி. அல்லது செகெட்டில் எளிதாகச் சொல்ல முடியாத சாய்வில், பொன் விகிதத்துக்கு மட்டும் பொருந்துகிற இரண்டு மூன்று கட்டடங்கள்.

கிடைக்கவே கிடைக்காது என்றும் சொல்ல மாட்டேன். 2013-இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் கூஃபு காலத்துப் பாப்பிரஸ்களே கிடைத்தன. பெரிய பிரமிடுக்குக் கல் கொண்டுபோன மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு அதில் இருக்கிறது. இன்று தூராவில் சுண்ணாம்புக்கல் ஏற்றினோம், இன்று படகில் கிளம்பினோம், இன்று போய்ச் சேர்ந்தோம் என்று நாள்வாரியாக எழுதியிருக்கிறார். விகிதம் எதையும் அவர் எழுதவில்லை, ஆனால் அடுத்த குகையில் வேறு யாருடைய நாட்குறிப்பு இருக்கிறதோ.